வெறும் வயிற்றில்

குமுதாவின் மகன் சுகுமாறன் மறுபடியும் ஏணியில் ஏறிவிட்டான் என்ற செய்தி எங்கள் புளோக் முழுவதும் ஒரே காலையில் பரவிவிட்டது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று வெளியாள் கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பழைய பிளாட்டில் குடியிருப்பவர்களுக்கு அது செய்திதான். ஏர்கோன், அதாவது ஏசி, கழுவுகிற வேலை அவனுக்கு. ஏணி ஏறாமல் அந்த வேலை இல்லை. இரண்டு வருஷமாக அவன் ஏணிப் பக்கமே போகவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

நான் தம்புசாமி. அவர்கள் வீட்டுக்கு ஒரு மாடி கீழே இருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை வேலை கிடையாது, ஊர்க்கதை கேட்பதற்குத் தாராளமாக நேரம் உண்டு. என் மனைவி இருந்தவரை, ஒங்க வாய்க்கும் சேத்து ரோட் டேக்ஸ் கட்டணும் என்பாள். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் வளவளப்பு இருக்கும். பொய் இருக்காது.

சுகுமாறனுக்கு வந்தது மனநோய். முதல் தடவை வந்தபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பங்சாரில் விஜயன் என்பவர் வைத்திருக்கும் ஏர்கோன் கடையில்தான் அப்போதும் வேலை பார்த்தான். ஒரு வாரம் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தான். பிறகு ஒருநாள், உள்ளேயிருந்து யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று கடையில் இருந்த அத்தனை ஏர்கோனையும் பிரித்துப் போட்டுவிட்டான். விஜயன் நல்ல மனுஷன். போலீசுக்குப் போகாமல் குமுதாவுக்குப் போன் செய்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் மருந்து அவனை அடக்கியது. அடக்கியது என்றால் மொத்தமாகவே அடக்கிவிட்டது. ரொட்டி சானாய் தின்னத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. உடம்பு ஊதிப்போய், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியும் வந்து, வாயோரம் எச்சில் வழிய டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். டிவி ஓடாவிட்டாலும் உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். குமுதா அவனைக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்குப் போவாள்.

பிறகு ஒரு டாக்டர் மருந்தை மாற்றினார். சிப்ராசிடோன் என்று பெயர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இரண்டும் சாப்பாட்டோடு. அந்தக் கேப்ஸ்யூலில் என்ன இருந்ததோ, சில மாதத்தில் உடம்பு இறங்கியது, கண்ணில் வெளிச்சம் வந்தது. ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "அண்ணே, ஒங்க வேன் சத்தம் கேட்டா லிட்டல் இந்தியா முழுக்க எந்திரிச்சிரும் போல, சைலன்சர மாத்துங்கலா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் செய்கிற பழைய பையன் திரும்பி வந்துவிட்டான். அதற்கப்புறம்தான் விஜயன் கடையில் மறுபடி ஏணி ஏறினான்.

குமுதா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் அடுப்படியில் வேலை செய்கிறாள். புருஷன் ரயில்வேயில் இருந்து செத்தவர். அவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த அடுப்படியில் நின்றுதான் வளர்த்தாள். சாம்பாரும் ரசமும் அவள் பொறுப்பு. விடியும்போது போனால் முட்டைக்கோஸ் மூட்டை, பூசணிக்காய், பருப்பு வேகும் பானை என்று மதியக் கூட்டம் முடியும்வரை இடுப்பு நிமிராது. அவள் கையில் எப்போதும் பெருங்காய வாசனை இருக்கும். அடுத்தவர் சாப்பிடாமல் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. என்னைப் போன்ற ஒண்டிக்கட்டைக்கு அவள் வீட்டிலிருந்து குழம்பு வராத வாரம் கிடையாது.

அப்படிப்பட்டவள் மகனுக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பழையபடி ஆகிவிட்டால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று. பிள்ளை பழையபடி ஆகிவிட்டான். வேண்டுதல் கடன் பாக்கி நின்றது. மார்கழி மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன முருகன் கோயிலில் தாயும் மகனும் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார்கள். காப்புக் கட்டினால் பால் மலையேறும் வரை விரதம். மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் மீன் இறைச்சி இல்லாத மரக்கறி. தரையில் பாய். காலில் செருப்பு கிடையாது.

சுகுமாறனின் தங்கை ஷாமினி விவரமான பெண். பங்சாரில் ஒரு ஆபீசில் வேலை. விரதத்தில் மாத்திரை போடலாமா என்று அன்றைக்கே கோயிலில் வைத்துக் கேட்டாள். குருக்களும் யோசித்துப் பார்த்து, மருந்து சாப்பாட்டில் சேராது, தாராளமாகப் போடலாம் என்றார். குமுதாவுக்குப் பெரிய நிம்மதி. மாத்திரை விரதத்தைக் கெடுத்துவிடுமோ என்பதுதான் அவள் பயமாக இருந்தது. விரதம் மாத்திரையைக் கெடுக்குமா என்று அவளுக்கோ, ஷாமினிக்கோ, அங்கே நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்த எனக்கோ தோன்றவில்லை.

அன்றிலிருந்து குமுதா மருந்து கொடுப்பதே ஒரு பூஜை மாதிரி ஆகிவிட்டது. காலையில் மகன் குளித்து வந்ததும் நெற்றியில் திருநீறு பூசி, உள்ளங்கையில் கேப்ஸ்யூலை வைப்பாள். ஒரு தம்ளர் பால். விழுங்கினானா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பாள். இரவிலும் அதேதான், கூட ஒரு வாழைப்பழம். சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிறு புண்ணாகாமல் இருப்பதற்காக என்று அவள் நினைத்திருந்தாள். வயிற்றுப் புண்ணுக்குப் பாலை விட நல்லது எது? அவள் கணக்கில் தப்பே இல்லை.

சில வாரம் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் எல்லாம் கூடிவந்த மாதிரிதான் தெரிந்தது. சுகுமாறன் அம்மாவுக்கு முன்னால் எழுந்து, மேல்மாடியிலிருந்து கீழ்வரை எங்கள் புளோக்கின் நடைபாதை முழுவதையும் ஏர்கோன் கழுவுகிற தண்ணீர்ப் பம்ப்பை வைத்துக் கழுவிவிட்டான். எத்தனை வருஷத்து அழுக்கு அது. எங்கள் பிளாட் நிர்வாகம் செய்யாததை ஒரு பையன் செய்கிறான் என்று எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். மறுநாளும் கழுவினான். அதற்கு மறுநாளும் கழுவினான்.

கோயில் பஜனையில் அவன் குரல் தனியாகக் கேட்கும். பாட்டு முடிந்த பிறகும் அவன் முடிக்க மாட்டான். கண்ணில் நீர் வழியப் பேசுவான், பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், ஆனால் ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருக்கும். சீதாலெட்சுமி என்று மூன்றாம் மாடியில் ஒரு அம்மா, மகள் கல்யாணம் தள்ளிப் போகிறதே என்று அவனிடம் கேட்டிருக்கிறார். தை பிறந்தால் நடக்கும் என்றான். தை பிறந்ததும் டெங்கில் என்ற ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? அவன் கையால் திருநீறு வாங்க ஆட்கள் படியேறி வர ஆரம்பித்தார்கள். குமுதா வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஊரெல்லாம் பைத்தியம் என்று சொன்ன பிள்ளையை இன்று ஊரே கும்பிடுகிறது. எந்தத் தாய்க்குத்தான் பெருமையாக இருக்காது?

ஷாமினி மட்டும் பெருமைப்படவில்லை. ஒரு சாயங்காலம் நல்ல மழை. வேனைக் கழுவ வேண்டிய வேலை மிச்சம் என்று நான் சந்தோஷமாகப் படியேறிக்கொண்டிருந்தபோது, என்னை அவர்கள் வீட்டுக்குள் கூப்பிட்டாள். சுகுமாறன் கோயிலுக்குப் போயிருந்தான். குமுதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்களே சொல்லுங்க. அண்ணன் தூங்கிப் பாத்தீங்களா?" என்றாள் ஷாமினி.

எனக்கு அவன் தூங்குவதைப் பார்க்கிற வேலை இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"போன தடவ ஆரம்பிச்சப்பவும் இப்படித்தான்மா. தூக்கம் இல்ல, பேச்சு நிக்கல. அப்ப ஏர்கோன பிரிச்சான், இப்ப காரிடார கழுவுறான். வேற வித்தியாசம் எனக்குத் தெரியல."

குமுதா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "அப்ப மருந்து இல்லடி. இப்ப இருக்கு. ஒரு வேள விட்டேனா நான்? என் கையால குடுக்குறேன். நாக்கத் தூக்கிப் பாக்குறேன். மருந்து உள்ள இருக்கப்ப சீக்கு எப்படி வரும்?"

"அதான்மா எனக்கும் புரியல."

"ஒனக்குப் புரியாதது எனக்குப் புரியுது. சீக்கு இல்லன்னா அப்ப அது என்ன? அவன்கிட்ட முருகன் வந்து நிக்கிறான். எத்தன வருஷம் அழுதேன். நின்னா ஒனக்கு என்னடி?"

ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன். தாய் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நடுவில் இருப்பவன் வேன் ஓட்டுகிறவன். மருந்து உள்ளே போகிறது என்பது கண்ணால் கண்ட உண்மை. அதை வைத்துக்கொண்டு யார் என்ன வாதாட முடியும்?

ஷாமினி விடவில்லை. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகிற நாளில் அவளே லீவு போட்டு அண்ணனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். புதிதாக வந்திருந்த ஒரு சின்ன டாக்டர், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். ஒரு வேளைகூட விட்டதில்லை என்றாள். சுகுமாறன் தங்கமாக உட்கார்ந்து, நல்ல மலாயில் பணிவாகப் பதில் சொன்னான். தைப்பூசம் நெருங்குவதால் கோயில் வேலை அதிகம், அதனால் தூக்கம் குறைவு என்றான். அடுத்த தேதி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டதற்கு எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அந்த வாரமே அவன் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டான். இது வீட்டில் தெரியாது. குமுதா கட்டிக் கொடுக்கிற பொட்டலத்தை வேலை செய்கிற இடத்தில் பங்களாதேஷ்காரப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, சாமிக்கு ஒரு வேளையும் அதிகம்தான் என்று சொல்லியிருக்கிறான். விஜயன் அதைப் பிறகுதான் சொன்னார். அவரும் அதைப் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, காலையில் நான் பிள்ளைகளை இறக்கிவிட்டு மாமாக் டீக்கடையில் ஒரு தே தாரே சொல்லி உட்கார்ந்தேன். குமுதா கடை ஏப்ரனோடு செருப்பில்லாமல் ஓடிவந்தாள். சுகு வேலை செய்த வீட்டில் ஏணி சாத்தியபடி இருக்கிறதாம், சாமான்களை எல்லாம் வரிசையாகத் துடைத்து வைத்திருக்கிறானாம், போனும் அங்கேயே இருக்கிறதாம், ஆளைக் காணோமாம் என்று விஜயன் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பால்குடத்துக்கு வாங்கி வைத்த செம்புக் குடத்தையும் காணோம்.

"மலைக்குத்தான் போறான்ணே. நடந்து போறான்" என்றாள்.

தே தாரே அப்படியே இருக்க, வேனை எடுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மலைக்குப் போகிற ஜாலான் கூச்சிங் ரோட்டில் ஏறினதும் ஜாம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஜாம் இருக்காது. மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் தாண்டும்போது, முன்னால் ஒரு பைத்தியம் ரோட்டில் நடக்கிறான் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனான். குமுதாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

நடு லேனில் நடந்துகொண்டிருந்தான். தலையில் குடம். சட்டை இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய மணல் லோரி, இரண்டு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. மோதவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. அதை ஓட்டி வந்த மலாய்க்காரர் வேண்டுமென்றேதான் அப்படி ஓட்டியிருக்கிறார், பின்னால் வருகிறவன் எவனும் பையனை இடித்துத் தூக்கிவிடக் கூடாது என்று. நான் வேனை ஓரங்கட்டி ஓடினபோது அவர் கண்ணாடியை இறக்கி, இது யார் பிள்ளை என்று கேட்டார். எங்கள் பிள்ளை என்றேன். எவ்வளவு தூரமாக வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பெயரையும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சுகுமாறன் சண்டை போடவில்லை. வேனில் ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் குடத்தை மடியில் வைத்து உட்கார்ந்தான். உள்ளங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. மலைப் பக்கம் போகாமல் வேன் திரும்பியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"அண்ணே, நான் நடக்கல. ரோடுதான் போவுது" என்றான்.

குமுதா தன் சேலை முந்தானையால் அவன் காலைத் துடைத்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை துடைத்தாள்.

ஊசி போட்டு, வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் லோகேஸ்வரி என்ற டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். கிள்ளான் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசினார். குமுதா, ஷாமினி, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"மருந்து எப்ப நிறுத்துனாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"நிறுத்தவே இல்ல டாக்டர். நேத்துக் காலையிலகூட என் கையால குடுத்தேன்" என்றாள் குமுதா.

"சாப்பாட்டோடதானே?"

"விரதம் டாக்டர். பால் குடுத்தேன்."

"பால் மட்டும்தானா?"

"ராத்திரி ஒரு பழம். வயித்துல புண்ணு வந்துரக் கூடாதுன்னு பால் நல்லா காய்ச்சித்தான் குடுத்தேன்."

டாக்டர் நாற்காலியைக் குமுதாவின் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, சாப்பாட்டோட குடுக்கச் சொன்னது வயித்துக்காக இல்ல, மருந்துக்காக. இந்த மருந்து சாப்பாட்டோட போனாத்தான் உடம்புல ஏறும். கொறிக்கிற மாதிரி இல்ல, ஒரு தட்டு நெறைய சாப்பாடு. வெறும் வயித்துல போட்டா பாதிதான் ஏறும். மிச்சம் சும்மா போயிரும்."

"தெனமும் குடுத்தேனே டாக்டர்."

"குடுத்தீங்கம்மா. நான் இல்லன்னு சொல்லல."

மதியச் சாப்பாட்டோடு ஒன்றையாவது கொடுத்திருந்தால் என்று ஷாமினி கேட்டாள். விரதம் இருக்கப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் ஏதாவது வழி செய்திருக்கலாம் என்றார் டாக்டர். நாங்களும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது பெரிய மனசு. அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

குமுதா மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்புக் கட்டிய கை. "புள்ளைக்கு மருந்துன்னு நெனச்சுத் தெனமும் ஒண்ணும் இல்லாததக் குடுத்திருக்கேன். திருநீறு வேற பூசி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி என்ன செய்வது என்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அவன் வார்டில் பாலும் தண்ணீரும் தவிர ஒன்றும் தொடவில்லை. சாப்பிடாத உடம்பில் இந்தக் கேப்ஸ்யூல் வேலை செய்யாது, ஊசியையே எத்தனை நாளைக்குப் போடுவது. இன்று மதியம் ஒரு தட்டு சாப்பிட்டு அதோடு மாத்திரையைப் போட்டானானால் இதே மருந்தைத் தொடரலாம். இல்லையென்றால் நாளையிலிருந்து பழைய மருந்துக்கே போக வேண்டும். அது நாக்கில் வைத்தாலே கரைந்துவிடும், சோறு வேண்டாம்.

"பழைய மருந்துன்னா, அந்த டிவி முன்னால ஒக்கார வச்ச மருந்தா?" என்று கேட்டாள் குமுதா.

டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

குமுதா அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போகச் சொன்னாள். குருக்களிடம் நடந்ததைச் சொல்லி, காப்பை அவிழ்க்கலாமா என்று கேட்டாள். அவர் பதறிப்போய்விட்டார். உடம்பு முடியாதவனுக்கு விரதமே கிடையாது, முருகன் கோபிக்கிற சாமி இல்லை, முதலில் பிள்ளைக்குச் சோறு போடு என்றார். அவரே குமுதாவின் காப்பை அவிழ்த்துவிட வந்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மகன் காப்பு கழன்ற பிறகுதான் தன்னுடையது என்றாள்.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். நான் வாசலில் நின்றேன். அரைமணியில் அந்தச் சின்ன அடுப்படியில் ஒரு கல்யாணச் சாப்பாடு தயாராகிவிட்டது. சோறு, முருங்கைக்காய் போட்ட சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், கீரை, கெட்டித் தயிர், அவனுக்குப் பிடித்த பொரித்த பாகற்காய். எல்லாம் மரக்கறிதான். விரதத்தை முறிக்கச் சொல்லிப் போகிற சாப்பாட்டிலும் அவளால் விரத முறையை விட முடியவில்லை. அடுக்குச் சட்டியில் போட்டு, வாழையிலை ஒன்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள். வேனில் போகும்போது அந்த வாசனையில் எனக்குப் பசித்தது. அவளுக்கும் பசித்திருக்கும், அவளும் காலையிலிருந்து வெறும் வயிறுதான்.

வார்டில் சுகுமாறன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காலில் கட்டு. ஊசி மயக்கத்தில் கண் சொருகினாலும் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எங்களை வாங்க என்று வரவேற்றான். ஷாமினி மேசையை இழுத்துப் போட, குமுதா இலை விரித்துப் பரிமாறினாள். மலாய் நர்ஸ் ஒருத்தி மாத்திரைக் கிண்ணத்தோடும் தண்ணீரோடும் வந்து, முதலில் சாப்பிடட்டும் என்று சொல்லித் தள்ளி நின்றாள்.

"சாப்பிடுய்யா" என்றாள் குமுதா.

"பால் இன்னும் மலையேறலம்மா."

"குருக்கள் சொல்லிட்டாரு. ஒடம்பு முடியாதவனுக்கு வெரதம் இல்லையாம்."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கேன்."

"சுகு, இந்த மருந்துக்குச் சோறு வேணுமாம்டா. சோறு இல்லன்னா மறுபடியும் அந்தப் பழைய மருந்து. வேணாம்யா. நாலு வாய் சாப்பிடு. காப்புக் கட்டச் சொன்னதும் நான்தானே. இப்ப நானே சொல்றேன், சாப்பிடு."

அவன் தாயின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"எங்கம்மா இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றான் என்னைப் பார்த்து. "சாமிதான் சோதிக்குதுண்ணே. கடைசி நேரத்துல இப்படித்தான் வரும்."

ஷாமினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் அடுத்த கட்டிலைப் பார்த்தாள்.

குமுதா கையை இலையில் வைத்தாள். சோற்றில் சாம்பாரைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து, அவன் பார்க்கத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவளுடைய விரதம் அத்தோடு முறிந்தது. தானே முறித்தால் மகனும் முறிப்பான் என்று நினைத்தாள். அவளிடம் அதற்கு மேல் கொடுக்க ஒன்றும் இல்லை.

சுகுமாறனின் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சிரிப்பு போய், பழைய சுகுமாறனின் முகம் ஒரு கணம் வந்தது போல இருந்தது. கையை நீட்டினான். சோற்றுக்குத்தான் நீட்டுகிறான் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அந்தக் கை இலையைத் தாண்டி நர்சிடமிருந்த கிண்ணத்தை எடுத்தது. நர்ஸ், சாப்பாடு முதலில், சாப்பாடு முதலில் என்று மலாயில் சொல்லி முடிப்பதற்குள் கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டான். தாய் பழக்கியபடி நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"பரவால்லம்மா" என்றான் ஆறுதலாக. "ஒன்னால முடியல, அவ்வளவுதானே. இனிமே ஒன் பங்கு வெரதத்தையும் சேத்து நானே இருக்குறேன். நீ சாப்பிடு."

குமுதா அந்தக் கவளத்தை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.